வீட்டுப் பகுதி

ராய்ப்பூர்
18.11.2023

சகாயமேரி டீச்சருக்கு வணக்கமுங்க.

நான் ஒன்பதாங்கிளாஸ் வெண்மதியோட அப்பா மாது. சத்தீஸ்கர்ல ஆழ்துளைக் கெணறு போடற போர் வண்டியில இருக்கறேன். நீங்க ரெண்டு தடவ போன் பண்ணியிருந்தீங்க. எடுக்கல. இனிமேயும் எடுக்க மாட்டேன். என் பேச்சு ஒரு தடவ போன்ல போயி ஊரையே சுத்திட்டு வந்துருச்சு, அது போதும். அதனாலதான் பேப்பர்ல எழுதறேன். எட்டாவதோட நின்னவன். பிழை இருந்தா நீங்களே திருத்திப் படிச்சுக்குங்க.

ஆயுத பூசைக்கு முன்னால எம்பொண்ணு கூப்பிட்டுச்சு. "அப்பா, வரலாறு பாடத்துக்கு ஒரு வேலை குடுத்திருக்காங்க. வெளியூருக்கு வேலைக்குப் போனவங்களக் கேக்கணுமாம். இதுவரைக்கும் வூட்ல யாருக்கும் சொல்லாத ஒண்ணக் கேக்கணும்னு மிஸ் சொன்னாங்க"ன்னா. நான் அப்ப அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தேன். புள்ள ஆசையா கேக்குதேன்னு சொல்லிப்புட்டேன். அப்பா மிஷின ஓட்டற டிரில்லர் இல்ல சாமி, வண்டி ஆளுங்களுக்குச் சோறாக்கறவன், தோள்பட்டை எறங்குனப்ப ஓனரு ஊருக்குப் போறியா அடுப்புக்குப் போறியான்னு கேட்டாரு, நான் அடுப்புக்குப் போயிட்டேன்னு. வூட்டுக்கு அனுப்பற போட்டோவுக்கு மட்டும் டிரில்லர் நிக்கற எடத்துல போயி நின்னுக்குவேன்னு. எல்லாத்தையும் சொன்னேன். எம்பொண்ணுகிட்டச் சொன்னேன் டீச்சர். உங்ககிட்டச் சொல்லல.

தீபாவளி அன்னிக்கு என் மச்சினன் காளியப்பன் கூப்பிட்டான். அவன் நெசமாவே டிரில்லரு, எங்க ஓனரோட இன்னொரு வண்டியில இருக்கறான். "மாமா, உங்க பேச்சு ஊர் குரூப்புல வந்திருக்குது. அக்கா கேட்டுருச்சு"ன்னான். அப்புறம் அந்த ரெக்கார்டப் போட்டும் காட்டுனான். என் குரலுதான். நான் மூக்கு உறிஞ்சறதுகூட அதுல கேக்குது.

இப்ப எம்பொண்ணு பள்ளிக்கூடம் போறதில்ல. பசங்க அவளப் பாத்து, "உங்கப்பா ரசத்துல எத்தனை அடி போர் போட்டாரு?"ன்னு கேக்கறாங்களாம். அவங்கம்மா எங்கிட்டப் பேசறதில்ல.

உங்க போன் பாடத்துனால என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியணும். அதுக்குத்தான் எழுதினேன்.

மாது


பாப்பிரெட்டிப்பட்டி
4.12.2023

மதிப்பிற்குரிய மாது அவர்களுக்கு,

உங்கள் கடிதம் பள்ளி முகவரிக்கு வந்தது. நடந்ததற்கு வருந்துகிறேன். வெண்மதியைக் கேலி செய்த மாணவர்களைக் கூப்பிட்டுக் கண்டித்துவிட்டோம். மற்ற பள்ளிகளும் கேட்கட்டும் என்று பாடத் தளத்தில் நான் ஏற்றியிருந்த பதிவை எடுத்து ஊர் குழுவில் போட்டது ஒரு மாணவனின் அண்ணன். அவரிடமும் தலைமையாசிரியர் பேசியிருக்கிறார்.

இந்தப் பாடத்தைப் பற்றி நீங்கள் தவறாக நினைக்கக் கூடாது என்பதற்காகச் சிலவற்றைச் சொல்கிறேன். வரலாறு என்றாலே பிள்ளைகள் தூங்குகிறார்கள். ஆண்டுகளை மனப்பாடம் செய்கிறார்கள், தேர்வு முடிந்ததும் மறக்கிறார்கள். அதனால் ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு புதிய பாடமுறையை நான் உருவாக்கினேன். பாதி வீட்டில், பாதி வகுப்பில். நான் நடத்த வேண்டியதைச் சிறு வீடியோவாக எடுத்துவிடுவேன், பிள்ளைகள் அதை வீட்டில் போனில் பார்த்துவிட்டு வருவார்கள். சித்தேரி மலையடிவாரத்துப் பிள்ளைகளுக்கு டவர் கிடைக்காது என்பதால் வெள்ளிக்கிழமை மாலையில் மெமரி கார்டில் ஏற்றிக் கொடுப்பேன். வகுப்பில் நான் பாடம் நடத்துவதில்லை. அவர்கள்தான் பேசுவார்கள், கேள்வி கேட்பார்கள், சண்டை போடுவார்கள். உங்கள் மகள் அந்த வகுப்பில் எவ்வளவு பேசுவாள் என்று உங்களுக்குத் தெரியாது.

'வேலை தேடிப் போனவர்கள்' என்ற பாடம் இலங்கைக்கும் மலேயாவுக்கும் தோட்ட வேலைக்குப் போனவர்களில் தொடங்குகிறது. அது பிள்ளைகளின் வீட்டில் முடிய வேண்டும் என்று நினைத்தேன். இந்த ஊரில் வெளியூர் வேலைக்கு ஆள் போகாத வீடு எது? புத்தகத்தில் இல்லாத வரலாறு அங்கேதான் இருக்கிறது என்று நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

சமையல் செய்வதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? உங்கள் பேச்சை வகுப்பே முழுதும் கேட்டது. பிறகு கை தட்டினார்கள். அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெண்மதியைப் பள்ளிக்கு வரச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பாள்.

இப்படிக்கு,
சகாயமேரி
பட்டதாரி ஆசிரியர்


ராய்ப்பூர்
27.12.2023

டீச்சருக்கு,

வண்டி ஒடிசா பக்கம் போயிருந்துச்சு. உங்க லெட்டரு எங்க வண்டிக்கு வேலை புடிக்கற ஏஜென்ட் ஆபீசுலயே கெடந்து இப்பதான் கைக்கு வந்துச்சு.

சோறாக்கறதுல வெக்கம் என்னன்னு கேட்டிருக்கீங்க. நல்லாத்தான் இருக்குது கேள்வி. நீங்க கேக்கலாம். நான் கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போனப்ப வண்டியில ராடு மாத்தற ஒதவி ஆளா இருந்தேன். டிரில்லர் ஆயிருவான்னு சொல்லித்தான் குள்ளம்மாளக் குடுத்தாங்க. அவ அண்ணன் தம்பிங்க எல்லாரும் போர் வண்டியிலயே வளந்தவனுங்க. தோளு போனப்பறம் நான் அவகிட்டச் சொல்லியிருக்கணும். இந்தத் தடவ போறப்ப சொல்லிரலாம், அடுத்த தடவ போறப்ப சொல்லிரலாம்னு இருந்தேன். அப்புறம் அவ அந்தப் போட்டோவக் கண்ணாடி போட்டு மாட்டிட்டா. மாட்டுனத நான் எப்படிங்க எறக்கறது?

அது என் தப்பு, இல்லைங்கல. ஆனா அத எப்பச் சொல்லணும், யார்கிட்டச் சொல்லணும்னு எனக்கு ஒரு கணக்கு இருந்துச்சு. முதல்ல பொண்ணுகிட்டச் சொன்னேன். மழைக்கு வண்டி ஊருக்கு வரும்போது அவங்கம்மாகிட்டயும் சொல்லிரலாம், பக்கத்துல பொண்ணு இருந்தா தைரியமா இருக்கும்னு நெனச்சேன். நீங்க முந்திக்கிட்டீங்க.

எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். நாப்பது புள்ளைங்களுக்கு நடுவுல என் பேச்சப் போடறதுக்கு முன்னால, அப்புறம் அத கம்ப்யூட்டர்ல ஏத்தி மத்த பள்ளிக்கூடத்துக்கெல்லாம் அனுப்பறதுக்கு முன்னால, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு யாருக்குமே தோணலியா?

பொண்ணுகிட்ட நான் பேசறதில்ல. அவ கூப்பிட்டா எடுக்கறதில்ல. கோவம்னு இல்ல. போனக் கையில எடுத்தாவே பேச்சு வர மாட்டேங்குது. நீங்களே போயிச் சொல்லிக்குங்க.

மாது


பாப்பிரெட்டிப்பட்டி
19.1.2024

மாது அவர்களுக்கு,

பொங்கல் விடுமுறையில் உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன்.

முதலில் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். தோன்றவில்லை என்று எழுதிவிட்டால் எனக்குச் சுலபம். அது உண்மையில்லை. பதிவைக் கொண்டுவந்து கொடுத்த அன்று வெண்மதிதான் கேட்டாள்: "மிஸ், அப்பாகிட்டக் கேட்டுட்டு வரட்டுமா?" அன்றைக்குப் புதிய பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் மாவட்ட ஆசிரியர் குழுவிலிருந்து பாடத்தைப் பார்வையிட வந்திருந்தார்கள். மற்ற பிள்ளைகள் கொண்டுவந்த பதிவுகளில் இரைச்சலும் இருமலும்தான் இருந்தன. "இது உன்னோட வேலைதானே, நீ குடுத்தா போதும்" என்று சொல்லிவிட்டேன்.

அதோடு நிற்கவில்லை. அவள் எழுந்து நின்று, "எங்கப்பா எங்கிட்ட மட்டும் சொன்னது" என்று சொல்லித்தான் அதைத் தொடங்கிவைத்தாள். எவ்வளவு பெருமையாகச் சொன்னாள் தெரியுமா? அந்த 'மட்டும்' என் காதில் விழுந்தது. விழுந்தும் பேசாமல் இருந்தேன். வந்திருந்தவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதிவைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டேன். அந்தப் பாடத்தையும் நிறுத்திவைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டில் குள்ளம்மாள் எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீங்கள் அறிய வேண்டும்: "சோறாக்கறது என்ன கேவலமா டீச்சர்? நான் காலம் பூரா அதத்தான செய்யறேன். எனக்கு முன்னாடி ஊரு கேட்டுருச்சு பாருங்க, அதான் தாங்கல. காளியப்பனுக்கும் தெரிஞ்சிருக்குது. நாத்தனாரு, நங்கையான்னு ஒறவுக்காரிங்ககிட்டயெல்லாம் டிரில்லரு பொண்டாட்டின்னு பேசிக்கிட்டு நின்னேனே, அப்ப என் தம்பிகூடச் சொல்லல பாருங்க."

நீங்கள் சொன்ன போட்டோ, ஹெல்மெட்டும் புழுதியுமாக முகமே தெரியாத அந்தப் போட்டோ, சுவரில்தான் இருக்கிறது. எடுக்கவில்லை.

வெண்மதி கொல்லையில் மரவள்ளிக் குச்சி கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், அவ்வளவுதான். "கிளாசுக்கு வா கண்ணு" என்றேன். "அப்பா பேசினா வரேன் மிஸ்" என்றாள்.

நீங்கள் பேசிவிடுங்கள். தண்டனை எனக்கு இருக்கட்டும்.

சகாயமேரி


ஜார்சுகுடா பக்கம், ஒடிசா
22.2.2024

டீச்சருக்கு,

போன லெட்டரு படிச்சு மனசு கொஞ்சம் எறங்கியிருந்துச்சு. பொண்ணுகிட்டப் பேசிரலாம்னும் இருந்தேன். அதுக்குள்ள காளியப்பன் ஒரு வீடியோ அனுப்பினான்.

சென்னையில பெரிய ஹாலு. மேடையில நீங்க பட்டுச்சேல கட்டிக்கிட்டு மைக்குல பேசறீங்க. "என் மாணவி ஒருத்தியின் அப்பா, போர் வண்டியில் சமையல் செய்பவர், அதைக் குடும்பத்துக்கே மறைத்து வைத்திருந்தார், இந்தப் பாடம் அவரைப் பேச வைத்தது"ன்னு சொல்றீங்க. எல்லாரும் கை தட்டறாங்க. நீங்க சிரிக்கறீங்க.

அது பொங்கல் கழிச்சு நடந்ததாம். என் வூட்டுல காபி குடிச்சிட்டுப் போனதுக்கு அப்புறம்.

பேரு சொல்லலைன்னு சொல்லுவீங்க. எங்க ஊரு பக்கம் போர் வண்டியில சோறாக்கறவன், அதுவும் வூட்டுக்கு மறைச்சவன், எத்தனை பேருங்க இருக்கான்? அந்த மேடையில உங்க வூட்டுக் கதையச் சொல்லியிருக்கலாமில்ல?

இனி எழுத வேண்டாம்.

மாது


பாப்பிரெட்டிப்பட்டி
16.3.2024

மாது அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். வெண்மதியைப் பற்றி ஒரு செய்தி இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். படிக்காமல் கிழித்துவிடாதீர்கள்.

நேற்று குள்ளம்மாள் பள்ளிக்கு வந்து டி.சி. கேட்டார். அரூரில் அவருடைய அக்கா வீட்டில் விட்டு அங்கே பத்தாம் வகுப்பில் சேர்க்கப் போகிறார். "யாரும் சிரிக்காத பள்ளிக்கூடமாப் பாத்து வெச்சிருக்கேன் டீச்சர்" என்றார். ஆண்டுத் தேர்வை மட்டும் இங்கே தனி அறையில் எழுத வைக்க ஏற்பாடு செய்திருக்கிறேன். படிப்பு நிற்காது. ஆனால் என் வகுப்பில் அவள் இனி இல்லை.

சென்னைக் கூட்டத்தைப் பற்றி. உங்கள் வீட்டுக்குப் போவதற்கு முன்பே அதற்கு ஒப்புக்கொண்டிருந்தேன். போகாமல் இருந்திருக்கலாம். பேச வேண்டியதை எழுதியும் வைத்திருந்தேன், அதில் உங்களைப் பற்றி எதுவும் இல்லை. மேடையில் ஏறிப் பேசத் தொடங்கினால் முன் வரிசையில் ஒருவர் போனைப் பார்க்கிறார், ஒருவர் கொட்டாவி விடுகிறார். அப்போது உங்கள் கதை தானாக வாயில் வந்தது. அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வகுப்பில் செய்ததைத்தான் அங்கேயும் செய்தேன். இதற்கு மேல் இதை நல்லபடியாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

என் வீட்டுக் கதையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டிருந்தீர்கள். இந்தப் பாடத்துக்கு நானே ஒரு மாதிரிப் பதிவு செய்து பிள்ளைகளுக்குக் காட்டினேன். அதில் என் அம்மா, ஏரியூரிலிருந்து முதன்முதலில் பஸ் ஏறித் தர்மபுரிக்கு வந்ததைச் சிரித்துக்கொண்டே சொல்வார். அது எல்லாரிடமும் சொன்ன கதைதான். சொல்லாத ஒன்றை நான் கேட்கவில்லை. என் அப்பா வேலைக்கென்று மைசூர் போனவர், அங்கே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு திரும்பாமலே இருந்துவிட்டார். அதைப் பற்றி அம்மாவிடம் கேட்க எனக்கு இந்த வயது வரைக்கும் தைரியம் வரவில்லை. பதினான்கு வயதுப் பிள்ளைகளை மட்டும் கேட்டுவரச் சொல்லி அனுப்பினேன்.

பாடத்திட்டத்தை எழுதும்போது தாளில் நடுவே கோடு போட்டு ஒரு பக்கம் 'வகுப்புப் பகுதி' என்றும் மறுபக்கம் 'வீட்டுப் பகுதி' என்றும் எழுதினேன். வகுப்புப் பகுதியில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். வீட்டுப் பகுதியில் யார் யார் இருக்கிறார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. வீட்டுக்குப் போன் போனால் போதும் என்று இருந்தேன்.

நேற்று அம்மாவோடு வெண்மதியும் வந்திருந்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போய் வேப்ப மரத்தடியில் நின்றாள். அவளோடு படித்த பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். அவள் திரும்பவில்லை.

அவளிடம் பேசுங்கள் மாது. தப்பு அவளுடையது இல்லை. அவள் கேட்டாள், நான்தான் வேண்டாம் என்றேன்.

சகாயமேரி


ராய்ப்பூர்
21.7.2024

டீச்சருக்கு வணக்கமுங்க.

ரொம்ப நாளா எழுதல. மழை தொடங்கியாச்சு, வண்டியெல்லாம் ஊருக்குத் திரும்பிருச்சு. பசங்க எல்லாரும் போயிட்டாங்க. நான் போகல. சாமான் போட்டு வெக்கற தகரச் செட்டுல காவல் இருக்கறேன்னு ஓனருகிட்டச் சொல்லிட்டேன். ஊருல இறங்கி பஸ் ஸ்டாண்டுல இருந்து வூடு வரைக்கும் நடக்கணுமே, அத நெனச்சாத்தான்.

ஆளில்லாத செட்டுல தனக்குத்தானே சோறாக்கித் திங்கறது கொஞ்சம் கஷ்டம்ங்க. இருவது பேருக்கு வெக்கற கை. ஒருத்தனுக்கு அளவு வர மாட்டேங்குது. மிச்சத்த நாய்க்குப் போடறேன்.

போன மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழம அரூருக்குப் போன் பண்ணினேன். பெரியம்மா எடுத்து அவகிட்டக் குடுத்துச்சு. அப்புறம் எம்பொண்ணு சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுங்களா? "அப்பா, நான் ரெக்கார்டு பண்ணலப்பா."

சாப்பிட்டியான்னு கேட்டேன். சாப்பிட்டேன்னா. மழையான்னு கேட்டேன். இல்லைன்னா. அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் வாரா வாரம் பேசறேன். ஒவ்வொரு தடவையும் அதச் சொல்லிட்டுத்தான் பேச ஆரம்பிக்குது. வேண்டாம் சாமி, அப்பா நம்பறேன் சாமின்னு சொல்லியும் பாத்துட்டேன். நிக்க மாட்டேங்குது. முன்ன எல்லாம் போன எடுத்ததும் "அப்பா, இன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமா"ன்னுதான் ஆரம்பிக்கும். அந்தப் பேச்சு போயிருச்சு.

உங்களக் குத்தம் சொல்லி எழுதணும்னுதான் ஒக்காந்தேன். எழுதறப்போ பாத்தா, ஆறேழு மாசம் அவ கூப்பிடக் கூப்பிட எடுக்காம இருந்தது நான்தானே. பசங்க சிரிச்சது ஒரு வாரம். நான் பேசாம இருந்தது இத்தனை மாசம். அத உங்க கணக்குல எழுத முடியல.

குள்ளம்மா போன எடுக்கறா. "இருக்கறேன்"னு சொல்றா. வெச்சிடறா.

மாது


பாப்பிரெட்டிப்பட்டி
2.9.2024

மாது அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது என்றதும் பயந்துகொண்டேதான் பிரித்தேன். நீங்கள் அவளிடம் பேசிவிட்டீர்கள் என்ற வரியை இரண்டு முறை படித்தேன். பிறகு அவள் சொல்லும் அந்த வார்த்தையைப் படித்தேன்.

இந்த ஆண்டும் ஒன்பதாம் வகுப்பு என்னிடம்தான். பாடத்தை மாற்றி எழுதிவிட்டேன். வீட்டில் வீடியோ பார்க்கலாம், வரைபடம் வரையலாம், புத்தகத்தில் இருப்பதைப் படித்துவரலாம். யாரையும் எதையும் கேட்டுவர வேண்டாம். கடைசிப் பகுதிக்கு, அச்சில் வந்த தோட்டத் தொழிலாளர் வாக்குமூலங்களைக் கொடுக்கிறேன். அவர்கள் இறந்து நூறு ஆண்டாகிறது, யாரும் சிரிக்க முடியாது.

மாவட்டக் குழுவில் கூப்பிட்டுக் கேட்டார்கள். "அந்த ஒரு பயிற்சிக்காகத்தான் உங்க பாடத்தையே எடுத்தோம், அதை எடுத்துட்டா இதுல என்ன இருக்குது?" என்றார்கள். கேட்டு அனுமதி வாங்கிச் செய்யலாமே என்று ஒருவர் சொன்னார். அவர் சொன்னது சரிதான். ஒரு கையெழுத்து, ஒரு வார்த்தை, அவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஆனால் அந்தப் பயிற்சியை என்னால் இனிப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது. என்னையும் உறுப்பினராகச் சேர்த்திருந்த அந்தக் குழுவிலிருந்து விலகிவிட்டேன்.

உண்மையைச் சொன்னால் இப்போது இருக்கிற பாடம் நல்ல பாடம் இல்லை. பிள்ளைகள் வீடியோவைப் பார்த்துவிட்டு வருகிறார்கள், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள், மணி அடித்தால் போகிறார்கள். போன ஆண்டு உங்கள் மகள் எழுந்து, "மலேயாவுக்குப் போனவங்க ஊருக்கு எழுதுன லெட்டர்ல எல்லாம் உண்மைதான் இருக்கும்னு எப்படி மிஸ் நம்பறது?" என்று கேட்டாள். அவள் அதைக் கேட்டது உங்களோடு பேசிய மறுநாள் என்று இப்போது புரிகிறது. அப்படி ஒரு கேள்வி இந்த ஆண்டு வரவே இல்லை.

நீங்கள் ஊருக்கு வந்திருக்கலாம். பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரை நடக்க நான் கூட வந்திருப்பேன் என்று எழுதினேன், அடித்துவிட்டேன், மறுபடி எழுதுகிறேன்.

சகாயமேரி


பாப்பிரெட்டிப்பட்டி
12.4.2025

மாது அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை உங்கள் வீட்டு முகவரிக்கே அனுப்புகிறேன். நீங்கள் ஊரில் இருப்பது நேற்றுத்தான் தெரிந்தது.

அரூரில் பத்தாம் வகுப்புத் தேர்வு மையத்தில் எனக்கு அறைக் கண்காணிப்பு வேலை போட்டிருந்தார்கள். நேற்று அறிவியல் தேர்வு. என் அறையில் மூன்றாவது வரிசையில் வெண்மதி. உயரமாகிவிட்டாள். விடைத்தாளில் கையெழுத்துப் போட அவளிடம் போனபோது அவளே தாளை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். கூடுதல் தாள் இரண்டு முறை வாங்கினாள். நன்றாக எழுதியிருப்பாள்.

தேர்வு முடிந்து தாள்களை ஒப்படைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்தேன். அவள் எனக்காகக் காத்திருந்தாள்.

"மிஸ், நல்லாருக்கீங்களா?"

"நல்லாருக்கேன் கண்ணு. அடுத்து என்ன படிக்கப் போற? வரலாறு எடுக்கறியா?"

"இல்ல மிஸ். கணக்கு. அதுல யாரையும் கேக்க வேண்டியதில்ல."

சாதாரணமாகத்தான் சொன்னாள், குத்திக்காட்டவில்லை. பிறகு அவளே, "அப்பா வந்திருக்காரு மிஸ். கேட்டுக்கு வெளிய நிக்கறாரு. நான் உள்ள வெச்ச பைய எடுத்துட்டு வந்துடறேன், நீங்க பாருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வெளியே வந்தேன். கேட்டருகே பெற்றோர்கள் நிறையப் பேர் நின்றார்கள். இரண்டு மூன்று பேரிடம் விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. வெயில் அதிகமாக இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எங்கள் வண்டி கிளம்புகிறது என்று கூப்பிட்டார்கள், போய்விட்டேன். நீங்கள் டீ குடிக்க எங்காவது போயிருப்பீர்கள்.

நேரில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றுதான் வெளியே வந்தேன். அதை எழுதி அனுப்ப மனம் வரவில்லை. எப்போதாவது பார்க்கலாம்.

சகாயமேரி


ராய்ப்பூர்
29.4.2025

டீச்சருக்கு வணக்கமுங்க.

உங்க லெட்டரு வூட்டுக்கு வந்துச்சு. குள்ளம்மாதான் வாங்கிக் கையில குடுத்தா. படிச்சிட்டு அங்கேயே பதில் எழுதியிருக்கலாம், முடியல. இங்க வந்து எழுதறேன்.

பரீட்சைக்குப் பொண்ணு கூட இருக்கணும்னு லீவு கேட்டு வந்தேன். அவளும் பரீட்சைக்குன்னு பெரியம்மா வூட்ல இருந்து நம்ம வூட்டுக்கு வந்திருந்துச்சு, அரூருக்குத் தெனமும் கூட்டிக்கிட்டுப் போயி, மூணு மணி நேரம் வெளிய நின்னு, கூட்டிக்கிட்டு வந்தேன். பஸ்ஸுல நெறைய பேசினோம்னு சொல்ல முடியாது. ஆனா ஒரு நாளு எந்தோள்ல சாஞ்சு தூங்கிருச்சு. எறங்குன தோளுதான். வலிச்சுது, நகத்தல.

வூட்ல குள்ளம்மா சோறு போட்டா. ஒரு நாளு நான் ஆக்கறேன்னு எழுந்தேன். "இந்த வூட்ல நீங்க அடுப்புக்கிட்ட வர வேண்டாம்"னு சொல்லிட்டா. கோவமாச் சொல்லல. சொல்லிட்டு அவ சட்டிய எறக்கி வெச்சா. நாலு ஊரு ஆளுங்களுக்கு ஆக்கிப் போட்டவன், எம்பொண்டாட்டிக்கு ஒரு நாளும் ஆக்கிப் போட்டதில்ல. இனிமே போடவும் முடியாது போலங்க. நான் சோறாக்கறவன்னு முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு மழைக்காலத்துல அவளே "இன்னிக்கு நீங்க ஆக்குங்க"ன்னு சொல்லியிருப்பா.

அந்த அறிவியல் பரீட்சை அன்னிக்கு நான் டீ குடிக்கப் போகல. கேட்டு வாசல்லதான் நின்னேன். எதிர்த்தாப்புல மோரு விக்கற தள்ளுவண்டி பக்கத்துல, தலையில துண்டு போட்டுக்கிட்டு. நீங்க வெளிய வந்ததப் பாத்தேன். அந்த வீடியோவுல பாத்த முகம்தான, உடனே தெரிஞ்சிருச்சு. வீடியோவுல இருந்தத விட எளச்சிட்டீங்க. கொடை இருந்தும் விரிக்காம கையிலயே வெச்சுக்கிட்டு ஒவ்வொருத்தர் மூஞ்சியாப் பாத்துக்கிட்டு வந்தீங்க.

எங்கிட்டயும் வந்தீங்க டீச்சர். "ஏனுங்க, இங்க மாதுன்னு ஒருத்தரு, வெண்மதியோட அப்பா, பாத்தீங்களா?"ன்னு கேட்டீங்க.

நான் தலைய ஆட்டிட்டேன். இல்லைங்கற மாதிரி. வாயத் தெறந்தா நீங்க கண்டுபுடிச்சிருவீங்க. என் மூஞ்சி உங்களுக்குத் தெரியாது, குரலு தெரியும்.

ஏன் அப்படிப் பண்ணினேன்னு எனக்கே தெரியல. வரணும்னுதான் நின்னேன். பொண்ணுகிட்ட நாந்தான் சொன்னேன், உங்க மிஸ் வந்தா சொல்லு, பாக்கறேன்னு. இத்தனை லெட்டர்ல எல்லாத்தையும் எழுதிட்டு, நேர்ல நின்னு நல்லாருக்கீங்களான்னு கேக்க வாய் வரல.

நான் தலைய ஆட்டுனதும் நீங்க, "சரிங்க, மன்னிச்சுக்குங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளுகிட்டப் போயிட்டீங்க. மோர் வண்டிக்கிட்ட நின்ன யாரோ ஒருத்தனுக்கு வழக்கமாச் சொல்றதுதான் அது.

அத எனக்குன்னே நான் எடுத்துக்கிட்டேனுங்க.

மாது